கன்று வீச்சும் மனிதர் காய்ச்சலும்: ரத்தப் பரீக்ஷைகளின் தாரதம்மியம்

தஞ்சாவூர் ஜில்லாவின் தென்கோடியில், அதிராம்பட்டினத்தைச் சூழ்ந்த கிராமங்களுக்கு நெல், தென்னை, உப்பு ஆகிய மூன்றுமே ஜீவனாதாரம் என்று சொல்லுவது வழக்கம். நான்காவதாகக் கால்நடையையும் சேர்த்துக்கொள்ளுதல் நியாயம். ஆற்றுத் தண்ணீர் காலந்தாழ்த்தி வருகிற கடைமடைப் பிரதேசத்தில் குறுவை தவறிய வருஷங்களில் குடும்பத்தைத் தாங்குவது தொழுவத்திலுள்ள பசுவும், கொல்லையிற் கட்டிய நாலு வெள்ளாடுமேயாம். அப்படிப்பட்ட பசு ஏழு மாதச் சினையில் கன்று வீசிவிட்டால் நஷ்டம் எவ்வளவென்று குடியானவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த நஷ்டம் தொழுவத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதைப் பலர் அறியார்கள்.

பசு கன்று வீசினால் கால்நடை வைத்தியரிடம் போகிறார்கள். ஒரு மாதம் கழித்து, அந்தக் கன்றை வெறுங்கையால் இழுத்துப் போட்டவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சலும், இரவில் பாயை நனைக்கும் வேர்வையும், இடுப்பு வலியும் கண்டால் மனிதருக்குரிய டாக்டரிடம் போகிறார்கள். முதல் டாக்டருக்கு இரண்டாவது செய்தி தெரியாது. இரண்டாவது டாக்டருக்கு முதற் செய்தி தெரியாது. இந்த இடைவெளியிலேதான் புரூஸெல்லா என்னும் கிருமி சௌகரியமாக வாழ்ந்து வருகிறது. மாட்டில் அது கன்று வீச்சு நோய். மனிதரில் ஏறி இறங்கும் காய்ச்சல். வியாதி ஒன்றே.

காய்ச்சற்காரருக்கு ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். பெரும்பாலும் முதலில் மலேரியாவுக்கும், பிறகு டைபாய்டுக்கும் சோதனை நடக்கிறது. வைடால் பரீக்ஷையில் ஏதோ சிறிது தெரிந்தால் டைபாய்டு என்று மருந்து கொடுக்கப்படுகிறது. காய்ச்சல் பத்து நாள் தணிந்து மறுபடியும் வருகிறது. முதுகெலும்பில் வலி நிலைத்துவிட்டால் க்ஷயரோகமோ என்ற சந்தேகம் எழுகிறது. இப்படியே ஆறு மாதம் கழிந்தவர்கள் உண்டு. புரூஸெல்லாவுக்கென்று தனியே ரத்தப் பரீக்ஷைகள் ஒன்றல்ல, அரை டஜனுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் எது எதைச் சொல்லும், எது எதைச் சொல்லாது என்பதை நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் ஒருவாறு தெரிந்துகொள்வது அவசியம். கையிலிருக்கும் ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு நோய் உண்டென்றோ இல்லையென்றோ தீர்மானித்துவிடுவதால் வரும் கெடுதல் சிறிதன்று.

மால்டாத் தீவின் ஆடுகள்

இந்நோயின் சரித்திரத்தில் ரத்தப் பரீக்ஷைக்குள்ள இடம் பெரிது. மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வருஷந்தோறும் ஒருவகை நீண்ட காய்ச்சலால் படுத்தார்கள். 1887-ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ வைத்தியர், இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். கிருமிக்குப் பின்னாளில் வாய்த்த பெயர் அவருடையதே. கிருமி தெரிந்துவிட்டது, அது எவ்வழியே மனிதனிடம் வருகிறதென்பது மட்டும் பதினெட்டு வருஷகாலம் புலப்படவில்லை. கொசு, தூசி, சாக்கடை எல்லாவற்றின்மேலும் சந்தேகம் விழுந்தது.

இதற்கிடையில் 1896-ல் பாரிஸ் நகரத்து வைடால் என்பவர் டைபாய்டு நோயாளியின் ரத்தநீர் டைபாய்டுக் கிருமிகளைத் திரளச் செய்கிறதென்று காட்டினார். அடுத்த வருஷமே இங்கிலாந்தில் ஆம்ரோத் ரைட் அதே உபாயத்தை மால்டாக் காய்ச்சலுக்கும் உபயோகப்படுத்தினார். அவருடன் சேர்ந்து, உயிருள்ள கிருமிக்குப் பதிலாகச் செத்த கிருமியையே இப்பரீக்ஷைக்கு வைத்துக்கொள்ளலாமென்று காட்டிய டேவிட் ஸெம்பிள், பிற்பாடு இந்தியாவுக்கு வந்து கசௌலியில் 1905-ல் ஏற்பட்ட மத்திய ஆராய்ச்சி நிலையத்தின் முதல் அதிபராயிருந்தவர். வெறிநாய்க்கடிக்கு நம் தேசத்தில் வெகுகாலம் போடப்பட்டு வந்த ஊசியும் அவர் பெயரால் வழங்கியதே.

1905-ல் மால்டாவைச் சேர்ந்த தெமிஸ்டோகிளிஸ் ஸாமித் என்னும் வைத்தியர் தெருவில் பால் கறந்து விற்கப்பட்ட ஆடுகளின் ரத்தத்தை எடுத்து இந்தப் பரீக்ஷையைச் செய்து பார்த்தார். ஆடுகள் கொழுகொழுவென்று இருந்தன. நோய்க்கு அடையாளம் ஒன்றுமில்லை. ஆயினும் அவற்றின் ரத்தநீர் கிருமியைத் திரளச் செய்தது. பாலிலும் கிருமி அகப்பட்டது. 1906-ல் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அவர்களுக்குக் காய்ச்சலும் வெகு சீக்கிரத்தில் அருகிப்போயிற்று. கண்ணுக்கு ஆரோக்கியமாய்த் தோன்றும் பிராணி நோயைச் சுமந்து நிற்கலாம் என்ற பாடம் இப்படித்தான் கிடைத்தது. சந்தையில் மாட்டின் பல்லையும் சுழியையும் மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இதை மனதிற் கொள்ளுதல் நலம்.

டென்மார்க் தேசத்துப் பாங் என்பவர் 1897-ல் பசுக்களின் கன்று வீச்சுக்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்திருந்தார். அதுவும் மால்டாக் கிருமியும் நெருங்கிய உறவென்று 1918-ல் வெளியிட்டவர் அமெரிக்காவில் வேலை பார்த்த ஆலிஸ் எவன்ஸ் என்னும் அம்மையார். பெரிய நிபுணர்கள் முதலில் நம்பவில்லை. 1922-ல் சோதனைச்சாலையிலேயே அவருக்கு இந்நோய் தொற்றிப் பல வருஷகாலம் வாட்டியது. அதையும் நரம்புத் தளர்ச்சி என்று சொன்ன வைத்தியர்கள் இருந்தார்கள். வியாதியை நன்கறிந்த ஒருவருக்கே இந்தக் கதியானால், காய்ச்சலோடு நடவுக்குப் போகிற கூலியாளின் சொல்லை யார் கேட்கப்போகிறார்கள்?

டெல்டாவில் தொற்று வரும் வழி

காவேரிப் பாசன ஊர்களில் பாலைக் காய்ச்சாமல் குடிப்பவர் குறைவு. காய்ச்சிய பாலையே உறை ஊற்றித் தயிராக்கி, அதைக் கடைந்தே வெண்ணெய் எடுக்கிறார்கள். பால் பொங்கி வரும் சூட்டில் கிருமி செத்துப்போகிறபடியால் இவ்வழக்கம் பெரிய காப்பு. மருந்தென்று சொல்லிக் காலையில் பச்சை ஆட்டுப்பால் அருந்துவதொன்றே இதற்கு விலக்கு. அதைக் கைவிடுவது நல்லது. ஆகவே இப்பக்கத்தில் தொற்று பெரும்பாலும் வாய் வழியாக வருவதைவிடக் கை வழியாகவே வருகிறதென்று கொள்ளலாம். வீசிய கன்று, பனிக்குடத்து நீர், இளங்கொடி ஆகிய மூன்றிலும் கிருமி கோடிக்கணக்காக மண்டிக் கிடக்கும். விரலில் ஒரு சிறு கீறல் போதும்.

இளங்கொடியை வைக்கோலிற் சுற்றி ஆலமரக் கிளையிற் கட்டும் வழக்கம் பழமையானது. பால் சொட்டும் மரமாதலால் பசுவுக்கும் பால் பெருகும் என்பது நம்பிக்கை. சுகமாய் ஈன்ற பசுவின் கொடியை நாய் இழுக்காதபடி உயரத்திற் கட்டியதில் அந்நாளில் ஒரு விவேகமும் இருந்திருக்கலாம். ஆனால் கன்று வீசிய பசுவின் கொடியை அப்படிக் கட்டுவது, காக்கையின் மூலம் ஊரெங்கும் நோயை விதைப்பதாகும். நிழலில் கிடக்கும் வீசிய கன்றில் இக்கிருமி பல மாதங்கள் உயிரோடிருக்கும். நல்ல வெயிலில் சில மணி நேரமே தாங்கும்.

தை மாசியில் சம்பா அறுவடை தீர்ந்ததும் ராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் செம்மறிக் கூட்டங்களை ஓட்டிவந்து வயல்களிற் கிடை போடுவது யாவரும் அறிந்ததே. எருவுக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை. குட்டி ஈனும் ஆடுகளும் அக்கூட்டத்தில் இருக்கும். ஆட்டில் வாழும் புரூஸெல்லா வகை மாட்டில் வாழும் வகையைக் காட்டிலும் மனிதருக்குக் கொடியது. கிடைக்காரர்களில் நெடுநாட் காய்ச்சற்காரர் இருந்தால் அவரையும் பரீக்ஷைக்கு அனுப்பி வைப்பது வயற்காரருக்கும் பொருந்திய கடமை.

அதிராம்பட்டினத்துக்கே உரிய வழி வேறொன்றும் இருக்கிறது. இவ்வூரார் பலர் அரபு தேசங்களில் வேலை செய்து திரும்புகிறவர்கள். அங்கே ஒட்டகப் பாலைக் காய்ச்சாமல் அருந்தும் வழக்கம் உண்டு; இந்நோயும் அங்கே பழைய நோய். தொற்றிய சில வாரங்களில் காய்ச்சல் காண்பது பொதுவாயினும், சிலருக்கு மாதக்கணக்கிலும் தாமதிக்கும். ஆதலால் வெளிதேசத்திலிருந்து வந்து மூன்று நாலு மாதம் கழித்துக் காய்ச்சலில் விழுந்தவர், டாக்டரிடம் ஒட்டகப்பால் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும்.

கிருமியை வளர்த்துக் காணும் முறை

ஆற அமரச் சொன்னால், சந்தேகத்துக்கு இடமில்லாத அத்தாட்சி ஒன்றுதான்: நோயாளியின் ரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்துக் காட்டுவது. விதை உயிரோடிருக்கிறதா என்று அறிய முளைக்கட்டிப் பார்ப்பதற்குச் சமானம் இது. முளைத்துவிட்டால் மறுப்பேச்சில்லை. கஷ்டம் என்னவென்றால், புரூஸெல்லா மெத்தச் சோம்பலான விதை. பழைய முறைப்படி ரத்தத்தைச் சத்து நீரில் விட்டு நாலு முதல் ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெக்ஸிகோ தேசத்து காஸ்டனேடா 1947-ல் ஒரே புட்டியினுள் திரவச் சத்தையும் கெட்டிச் சத்தையும் சேர்த்து வைத்து, புட்டியைத் திறக்காமலே சாய்த்துப் பார்க்கும் உபாயத்தைச் செய்தார். இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் யந்திரமே புட்டிகளைக் கவனித்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுகிறது.

முளைக்கவில்லையென்றால் நோயில்லை என்று அர்த்தமன்று. காய்ச்சலின் ஆரம்ப நாட்களில் எடுத்த ரத்தத்தில் கிருமி அகப்படக்கூடும். நாட்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் அகப்படுவது அரிது. இடையே நாலு நாள் ஏதேனும் மாத்திரை விழுங்கியிருந்தாலும் பயிர் எழும்பாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்தால் பலன் கூடுதல். ஆனால் அது நோயாளிக்கு நோவு தருவது. இன்னொரு ஆபத்து சோதனைச்சாலைச் சிப்பந்திகளுக்கு. மூக்கினால் இழுத்த அளவிலேயே தொற்றும் கிருமியாதலால், சோதனைச்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தொற்றும் வியாதிகளில் இது முன்வரிசையில் நிற்பது. “புரூஸெல்லா சந்தேகம்” என்று சீட்டில் ஒரு வரி எழுதியனுப்பினால் அவர்கள் தக்க காப்போடு வேலை செய்வார்கள், புட்டியையும் அவசரப்பட்டு எறியமாட்டார்கள்.

ரோஸ் பெங்கால் பரீக்ஷை

மற்றவை யாவும் கிருமியைத் தேடாமல், கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுபவை. காலடித் தடத்தைப் பார்த்துத் திருடன் வந்து போனதை அறிவது போல.

அவற்றுள் எளியது ரோஸ் பெங்கால் பரீக்ஷை. செத்த கிருமிகளுக்கு ரோஜா நிறச் சாயமேற்றி, புளிப்பான திரவத்தில் கலந்து வைத்திருப்பார்கள். வெள்ளைத் தட்டில் அதில் ஒரு துளி, நோயாளியின் ரத்தநீரில் ஒரு துளி; இரண்டையும் குச்சியாற் கலந்து நாலு நிமிஷம் தட்டை ஆட்டுவார்கள். திரிந்த பாலைப் போல் சிவந்த திப்பிகள் தோன்றினால் உண்டு. ஒரே சீராயிருந்தால் இல்லை. செலவு சொற்பம், யந்திரம் வேண்டாம், மாட்டுக்கும் மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே முறை. நோயுள்ளவரை இது தவற விடுவது குறைவு. கிராமப்புறத்துக்கு முதற் சல்லடையாக இதற்கு மிஞ்சியது இல்லை என்றே சொல்ல வேண்டும்.

சல்லடையில் நின்றதெல்லாம் நெல்லாகிவிடாது. மாட்டு வைத்தியர், கசாப்புக்காரர், பால்காரர், கீதாரி ஆகியோர் உடம்பில் முன்பு எப்போதோ பட்ட கிருமியின் தடம் வருஷக்கணக்கில் இருக்கும். இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் வேறாயிருக்கலாம். யெர்ஸீனியா என்னும் குடற்கிருமியின் ஒரு வகையும், காலராக் கிருமியும் புரூஸெல்லாவோடு மேற்போர்வையில் ஒத்திருக்கிறபடியால், அவை பட்டவர் ரத்தமும் சில சமயம் திரளும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. நோயுள்ள நூறு பேரில் 95 பேரைச் சரியாகக் காட்டி, நோயில்லாத நூறு பேரில் 5 பேரைத் தவறாகக் காட்டும் பரீக்ஷை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டணத்திற் காய்ச்சலென்று வரும் 1,000 பேரில் புரூஸெல்லா உள்ளவர் 10 பேர்தானென்றால், அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பத்துப் பேர் அகப்படுவர். மீதி 990 பேரில் ஏறக்குறைய 50 பேர் வீணாக அகப்படுவர். ஆக, “உண்டு” என்று சீட்டு வாங்கிய அறுபது பேரில் ஐம்பது பேருக்கு நோயில்லை! அதே பரீக்ஷையைக் கன்று வீசிய தொழுவங்களிலிருந்து வந்த 1,000 காய்ச்சற்காரருக்குச் செய்து, அவர்களில் 300 பேருக்கு நோய் இருப்பதாகக் கொண்டால், 285 பேர் சரியாகவும் 35 பேர் தவறாகவும் அகப்படுவர். பத்துக்கு ஒன்பது நிஜம். பரீக்ஷை ஒன்றே, துளியும் ஒன்றே. சீட்டின் மதிப்பு மாறியதற்குக் காரணம் நோயாளியின் பூர்வோத்தரம். தொழுவத்தில் நடந்ததை டாக்டரிடம் சொல்லாமற் போவது, பாதிப் பரீக்ஷையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதற்கு ஒப்பு.

குழாய்ப் பரீக்ஷையும் அதன் மயக்கமும்

ரைட் என்பவர் தொடங்கிய குழாய்ப் பரீக்ஷை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ரத்தநீரை 20 பங்கு, 40 பங்கு, 80 பங்கு, 160 பங்கு, 320 பங்கு என்று படிப்படியாக உப்புநீர் விட்டு நீர்க்கச் செய்து, ஒவ்வொரு குழாயிலும் செத்த கிருமியைச் சேர்த்து, உடற்சூட்டில் ஒரு நாள் வைத்திருந்து பார்ப்பார்கள். மோரில் எத்தனை முறை நீர் வளாவிய பிறகும் புளிப்பு நாவுக்குத் தெரிகிறதோ, அத்தனைக்கு மோர் கெட்டியானது என்று சொல்வதில்லையா? அதுபோல், 160 பங்கு நீர்த்த பிறகும் கிருமி திரண்டால் நோய்க்குறிகளோடு சேர்த்து அதை முக்கியமாக மதிக்கிறார்கள். சீட்டில் 1:160 என்று எழுதியிருப்பதன் பொருள் இதுவே. நோய் அரிதான இடங்களில் 1:80-ஐயும் கவனிப்பதுண்டு. ஒரே எண்ணைவிட இரண்டு எண் மேல். இரண்டு வாரம் விட்டு மறுபடியும் எடுத்த ரத்தத்தில் எண் நாலு மடங்கு ஏறியிருந்தால் நோய் இப்போது நடக்கிறதென்பது பெரும்பாலும் நிச்சயம்.

இதிலுள்ள மயக்கம் விசித்திரமானது. நோய் கடுமையாயுள்ள சிலரின் ரத்தநீர் 20, 40, 80 ஆகிய குழாய்களில் ஒன்றும் காட்டாமல், 320-க்கு மேற்பட்ட குழாய்களிலேதான் திரளும். எதிர்ப்பொருள் அளவுக்கு மிஞ்சியிருக்கும்போது, ஒவ்வொரு கிருமியையும் அது தனித்தனியே மூடிக்கொள்கிறது. ஒன்றோடொன்றைப் பிணைக்க இடமில்லாமற் போகிறது. மூன்று குழாயோடு நிறுத்திக்கொண்ட அவசரக்காரர் “இல்லை” என்று எழுதிவிடுவார். நோய் பலமானவருக்கே இப்படி நேரிடுவதால், குழாய் வரிசையை 640, 1,280 வரை கொண்டு போகும் சோதனைச்சாலையையே நாட வேண்டும்.

இக்குழாய்ப் பரீக்ஷைக்குக் கிளைகள் உண்டு. உடம்பு முதலில் உண்டாக்கும் எதிர்ப்பொருள் ஐ.ஜி.எம். என்றும், பிறகு உண்டாக்கி நெடுநாள் வைத்திருப்பது ஐ.ஜி.ஜி. என்றும் பெயர் பெறும். மெர்காப்டோ எதனால் என்ற சரக்கைச் சேர்த்தால் முன்னது சிதைந்து பின்னது மட்டும் நிற்கும். மருந்து கேட்கிறதா என்று பார்க்க இது உதவுகிறது. கிருமியைப் பற்றிக்கொண்டும் திரளச் செய்யாமல் ஊமையாக நிற்கிற எதிர்ப்பொருளும் உண்டு. 1945-ல் கூம்ப்ஸ் முதலியோர் வெளியிட்ட முறையால் அதையும் வெளிப்படுத்தலாம். நாட்பட்ட நோய்க்கும், குணமான பின் திரும்பிவரும் நோய்க்கும் கூம்ப்ஸ் முறை மிகவும் நம்பத்தக்கது. வேலை அதிகமாகையால் எல்லாவிடத்திலும் செய்வதில்லை.

எலிஸா, பி.ஸி.ஆர்.

1971-ல் ஸ்வீடனில் தோன்றிய எலிஸா முறை, 96 குழிகளுள்ள தட்டில் ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. இரண்டையும் வெவ்வேறாக அளக்கும். ஒரே நாளில் பலருடைய ரத்தத்தைப் பார்த்துவிடலாம்; குழாய்ப் பரீக்ஷையின் மயக்கம் இதில் இல்லை; மூளையைப் பற்றிய நோயிலும் நாட்பட்ட நோயிலும் பலன் தருகிறது. பெங்களூரிலுள்ள தேசீயக் கால்நடைத் தொற்றுநோய் நிலையம் கால்நடைகளின் புரூஸெல்லாவுக்கு எலிஸாச் சாமான்களைத் தயாரித்திருக்கிறது. நிறத்தின் அழுத்தத்தை யந்திரம் கணக்கிட, எந்த அளவுக்கு மேல் நோயென்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறுபடுகிறது. ஒரு சோதனைச்சாலையின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிட்டுக் கலவரப்படுவது வீண்.

பி.ஸி.ஆர். கிருமியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் காட்டும் முறை. சில மணி நேரத்தில் முடிவு, மாட்டு வகையா ஆட்டு வகையா என்ற விவரமும் கிடைக்கும், உயிருள்ள கிருமியை வளர்க்கும் ஆபத்தும் இல்லை. ஆனால் செத்த கிருமியின் துணுக்கையும் இது காட்டிக்கொண்டேயிருக்கும். மருந்து முடித்து, காய்ச்சல் நின்று, வயலுக்குப் போய்வரும் ஒருவருக்குப் பல மாதம் கழிந்தும் “உண்டு” என்று வரக்கூடும். அதற்காக மறுபடியும் மருந்து கொடுப்பது தகாது. விலையுயர்ந்த பரீக்ஷை எதுவோ அதுவே மேலானது என்ற எண்ணம் தஞ்சாவூர்ப் பக்கத்திற் சற்று அதிகம். குடியானவரின் பணத்துக்கு ரோஸ் பெங்காலும், அதில் நின்றவர்களுக்கு முழு வரிசையுள்ள குழாய்ப் பரீக்ஷை அல்லது எலிஸாவும், கூடுமானால் மருந்துக்கு முன்னே ஒரு புட்டி ரத்த வளர்ப்பும் ஆகிய இவ்வரிசையே தகுந்தது.

இவ்வளவு சிரமமும் எதற்கென்றால், சிகிச்சை டைபாய்டைப் போல் பத்து நாளில் தீர்வதன்று. டாக்ஸிஸைக்ளின் என்னும் மருந்து ஆறு வாரம், அதனோடு ரிபாம்பிஸின் ஆறு வாரமோ ஸ்ட்ரெப்டோமைஸின் ஊசி இரண்டு மூன்று வாரமோ என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 1986-லேயே வகுத்த ஏற்பாடு. ஒரே மருந்தைச் சில நாள் தின்று நிறுத்தினால் நோய் பதுங்கித் திரும்பும். முதுகெலும்பு, விரை, இருதயத்தின் உட்சவ்வு ஆகியவற்றில் அது குடிபுகுந்தால் பின்னால் செய்யக்கூடியது கொஞ்சம். சினையாயிருக்கும் ஸ்திரீகளுக்குக் கர்ப்பம் கலைவதும் உண்டு. ரிபாம்பிஸினும் ஸ்ட்ரெப்டோமைஸினும் க்ஷயரோக மருந்துகளாகவும் இருப்பதால், புரூஸெல்லா முதுகுவலிக்காரருக்கு க்ஷயரோகமென்று மருந்து கொடுத்துச் சிறிது குணம் கண்டு ஏமாறுவதும் நேரிடுகிறது.

தொழுவத்திற் செய்யவேண்டியவை

மனிதருக்கு ரத்தம் எடுக்கும் அதே வாரத்தில் மாட்டுக்கும் எடுக்கச் செய்ய வேண்டும். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை வைத்தியக் கல்லூரி நடைபெற்று வருவது பட்டுக்கோட்டைத் தாலூகாவுக்கு அனுகூலம். மாட்டின் சீட்டில் “உண்டு” என்றிருந்தால் மனிதரின் சீட்டுக்கு அது பலமான சாக்ஷி. பால் சங்கங்களுக்கு இன்னும் சுலபமான வழி, பால் வளையப் பரீக்ஷை: நிறமேற்றிய கிருமியைப் பாலோடு கலந்து வைத்தால், நோயுள்ள மந்தையின் பாலில் ஆடையோடு நீல வளையம் மேலே எழும்பும். பல மாடுகளின் பாலை ஒன்றாகச் சேர்த்தே பார்த்துவிடலாம். வளையம் கண்டால் பிறகு தனித்தனியே மாட்டைத் தேடிக்கொள்ளலாம். ஈன்ற புதிதிற் கறக்கும் சீம்பாலும், மடிவீக்கம் கண்ட மாட்டின் பாலும் இதற்கு ஆகா. பொய் வளையம் காட்டும்.

ஒருமுறை கன்று வீசிய பசு அடுத்த ஈற்றில் ஒழுங்காக ஈனுவது சகஜம். அதனால் நோய் போய்விட்டதென்று நம்புவது தவறு. அது பாலிலும் ஈற்று நீரிலும் கிருமியை விட்டுக்கொண்டே இருக்கும். கன்று வீசிய பசுவைச் சந்தைக்கு ஓட்டி, அந்த விஷயத்தை மறைத்து விற்பதுதான் நோய் ஊர்விட்டு ஊர் போகும் ராஜபாட்டை. உம்பளாச்சேரி மாடானாலும் கலப்பின மாடானாலும், வாங்குகிறவர் ரத்தப் பரீக்ஷைச் சீட்டைக் கேட்பதும், சீட்டு வரும்வரை மாட்டைத் தனியே கட்டுவதும் வெட்கப்பட வேண்டிய காரியமன்று.

வீசிய கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையாற் தொடலாகாது. ரப்பர் கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையேனும் கையிலிட்டுக்கொண்டு, ஆழமான குழியில் சுட்ட சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கிடேரிக் கன்றுகளுக்கு நாலு முதல் எட்டு மாத வயதுக்குள் ஒரே ஒரு முறை தடுப்பூசி போடும் தேசீயத் திட்டம் 2019 செப்டம்பரில் மதுராவில் துவக்கப்பட்டது. அந்த ஊசி மருந்து உயிருள்ள கிருமியால் ஆனது. 1923-ல் ஒரு பசுவின் பாலிலிருந்து எடுத்த கிருமி, சோதனைச்சாலையில் மறந்தாற்போல் வெளியே வைத்திருந்ததில் கொடுமை குன்றிப் போயிற்று. அதன் வம்சமே இன்றும் உபயோகமாகிறது. காளைக்கன்றுக்கும் சினை மாட்டுக்கும் அதைப் போடுவதில்லை. கன்றைப் பிடித்துக்கொள்பவர் கையில் ஊசி தவறிக் குத்திவிட்டால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். கொடுமை குன்றிய கிருமியும் மனிதருக்கு நோய் தரும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு விஷயம். கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்காக 2009-ல் இயற்றப்பட்ட மத்திய சட்டத்தின் அட்டவணையில் இந்நோயும் சேர்ந்திருக்கிறது. மாட்டுக்காரருக்குச் சந்தேகம் உண்டானால் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்க வேண்டுமென்றும், அச்செய்தி எழுத்துமூலமாக அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்குச் சேர வேண்டுமென்றும் அதிற் கண்டிருக்கிறது. ஒரே தெருவில் ஒரு மாதத்துக்குள் இரண்டு மாடு கன்று வீசினால் யாரும் வந்து சொல்லுமட்டும் கிராம நிர்வாக அலுவலர் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த வீடுகளில் காய்ச்சற்காரர் உண்டா என்றும் விசாரித்து, அதையும் அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நகல் அனுப்பினால், முன்பு சொன்ன இரண்டு டாக்டர்களுக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்துவிடும்.

ரத்தத்தைத் தூரத்துக்கு அனுப்புவதிலும் கவனம் தேவை. குழாயில் எடுத்த ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரை வேறாக்கி, ஐஸ் வைத்த பெட்டியில் அனுப்ப வேண்டும். வெயிலில் நிற்கும் பஸ்ஸில் முழு ரத்தமாகக் குலுங்கிப் போனால் செவ்வணுக்கள் உடைந்து நீர் சிவந்துவிடும். அதைக் கொண்டு செய்யும் பரீக்ஷை எதுவும் செல்லாது. குழாயின்மேல் பெயர், ரத்தம் எடுத்த தேதி, காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள், உட்கொண்ட மருந்து, தொழுவத்தில் கன்று வீச்சு உண்டா என்ற ஐந்து விவரமும் இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்தபின் எண் மெதுவாகவே இறங்கும். ஒரு வருஷம் வரை சிறிது நிற்பதும் உண்டு. இறங்கிக்கொண்டிருக்கும் எண் சில மாதம் கழித்து மறுபடி ஏறி, காய்ச்சலும் கூட வந்தால், மருந்து கொடுத்த டாக்டரிடம் பழைய சீட்டுகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.